மாட்டுக்குக் கொண்டி, மனுசருக்குப் பூட்டு

கேட்டைப் பற்றிப் பேசுவோம். கோயில் கேட்டு, கோட்டைக் கேட்டு இல்லை. வயக்காட்டுப் பாதையில், ஏரிக்கரை ஓரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிற்கிற இரும்புக் கேட்டு. அதில் தொங்குகிற கொண்டி, நாதாங்கி, சங்கிலி, பூட்டு. நில உரிமை, அதிகாரத்தில் பங்கு, சாதி ஒழிப்பு என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது கொண்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். சாதி மனுநூலில் மட்டும் குடியிருக்கவில்லை. ஒன்றரை அங்குல ஆங்கிளை அறுத்து, வெல்டிங் வைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, கல்லுக்காலில் மாட்டி அதை நம் பாதையின் குறுக்கேயும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செய்து கொடுத்த பட்டறைக்காரர் தான் சாதியைச் செய்வதாக நினைத்திருக்க மாட்டார். செய்யச் சொன்னவருக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாட்டைத் தடுக்கக் கொண்டி போதும். மாட்டுக்குக் கை கிடையாது. பூட்டு என்பது கை உள்ள ஜீவனை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பொருள். ஆகவே ஒரு பாதையில் பூட்டைப் பார்த்தால் ‘இது எந்த மாட்டுக்கு?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் வேலி என்றால் முள்வேலி. நடுவில் போக்குவரத்துக்கு ஒரு சந்து விட்டு, பனைமட்டையோ மூங்கில் பிளாச்சோ வைத்துக் கட்டிய படலைச் சாத்தியிருப்பார்கள். படலை நகர்த்தி, நுழைந்து, திரும்பச் சாத்திவிட்டுப் போகலாம். படல் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தன்மார் அந்தப் படலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த காலம் அது. ஆனால் படலுக்குப் பூட்டு இருந்ததில்லை. தேவைப்படவில்லை. ஆண்டையின் குரலே பூட்டாக இருந்தது. ‘யார்றா அது’ என்ற ஒரு சத்தத்தில் வழி அடைபட்டுப் போகும். இன்றைக்கு நம் பிள்ளைகள் படித்துவிட்டு, வெளியூர் போய்ச் சம்பாதித்து, பைக்கில் வந்து இறங்குகிறார்கள். சத்தம் போட்டால் திரும்பிப் பார்த்து ‘என்ன’ என்று கேட்கிறார்கள். குரல் செல்லாமல் போன இடத்தில் இரும்பு வந்து நிற்கிறது.

கேட்டுப் போட்டவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மாடு மேயுது. தேங்காய் திருடு போகுது. மோட்டார் ஒயரை அறுத்துடறானுங்க. ராத்திரியில் குடிக்கிறானுங்க. நாலு காரணத்தில் ஒன்றுதான் கேட்டுக்கு உரியது, அது மாடு. ஒயர் போகிறதென்றால் மோட்டார் கொட்டகையைப் பூட்டணும். தேங்காய் போகிறதென்றால் தோப்புக்குக் காவல் வைக்கணும். பாதை தேங்காய் திருடுவதில்லை. குடிக்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். இந்தக் காரணங்களைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் நிற்பது ஒன்று: ‘அவனுங்க எப்ப வேணும்னாலும் இந்தப் பக்கம் வர்றாங்க.’ எப்ப வேணும்னாலும் என்பதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது. வருவது அல்ல, கேட்காமல் வருவது.

*

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. அடமானத்துக்கு வருகிற நிலப் பத்திரங்கள் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. பத்திர எழுத்தர்களின் தமிழ் ஒரு தனித் தமிழ். நான்கெல்லை சொல்லி, மரம் மட்டை கிணறு சொல்லி, கடைசியில் ‘மாமூல் வழிநடை வண்டித்தட பாத்தியம் சகிதம்’ என்று ஒரு வரி வரும். விற்கிறவர் மண்ணை மட்டும் விற்கவில்லை, மண்ணுக்குப் போகிற வழியையும் சேர்த்து விற்கிறார் என்பது அதன் பொருள். பெரிய விவசாயிகளின் பத்திரங்களில் இந்த வரி தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும். நம் ஆட்கள் கொண்டுவருகிற ஒப்படைப் பட்டாக்களில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், நான்கு பக்கமும் யார் யார் என்று இருக்கும். வழி இருக்காது. நான்கு பக்கமும் அடுத்தவன் நிலம். நடுவில் நம் நிலம், கிணற்றுக்குள் கிடக்கும் நிலாவைப் போல.

பாதை இல்லாத நிலத்துக்கு விலை கிடையாது. மதிப்பீடு போடுகிறவர் அதைக் குறித்துவிடுவார். டிராக்டர் போகாது, அறுவடை இயந்திரம் போகாது, உரமூட்டையைத் தலையில் சுமக்கணும். இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தால் மூன்றாவது வருஷம் பக்கத்து நிலக்காரர் வந்து ‘சும்மா தானே கெடக்குது, நான் உழுதுக்கறேன்’ என்பார். 1892இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது, அந்த நிலத்தை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் வந்தது. விற்கத் தடை போட்ட காகிதம் அது. வழியை அடைத்தால் என்ன செய்வது என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. பஞ்சமி நிலம் கைமாறிய கதையில் கள்ளப் பத்திரங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பத்திரமே தேவைப்படாத வழி ஒன்று உண்டு. அதன் விலை ஒரு கேட்டும் ஒரு பூட்டும்.

எங்கள் வங்கி வாசலிலும் ஒரு கேட்டு இருக்கிறது. மடக்குக் கம்பிக் கதவை முழுசாகத் திறக்காமல் குறுக்கே சங்கிலி போட்டிருக்கும். ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குத்தான் சந்து. கொள்ளையடித்துவிட்டு ஓட முடியாமல் செய்வதற்காக என்று விளக்கம். பெருங்கொள்ளை அடித்தவர்கள் யாரும் குனிந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தோட்டை அடகு வைக்க வருகிற கிழவிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறவன் என்பதால் சொல்கிறேன்: எந்தக் கேட்டைப் பார்த்தாலும் அதில் யார் குனிகிறார்கள் என்று பாருங்கள்.

*

இப்போது சாவிக்கு வருவோம். பாதைத் தகராறு முற்றி, மனு போய், தாசில்தார் வந்து, சமாதானக் கூட்டம் நடக்கும். இரண்டு பக்கமும் கத்தி ஓய்ந்த பிறகு அதிகாரி ஒரு சமரசம் சொல்வார்: ‘கேட்டு இருக்கட்டும். பூட்டும் இருக்கட்டும். காலனிக்காரங்க எப்ப போகணுமோ அப்ப சார் வீட்டுல சாவிய வாங்கிக்கட்டும். என்ன சார், குடுத்துடுவீங்கள்ல?’ சார் தலையாட்டுவார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகவே படும். நம் பெரியவர்களில் சிலரும் ‘சரி, வழி கெடச்சுதே’ என்று எழுந்து வந்துவிடுவார்கள்.

அந்த இடத்தில்தான் நாம் தோற்கிறோம். ஏன் என்று சட்டத்தை வைத்தே பார்க்கலாம்.

1882ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு சொல்வது: ஒருவருடைய நிலத்தின் வழியாக இன்னொருவர் அமைதியாக, பகிரங்கமாக, தன் உரிமையாகக் கருதி, இடையூறில்லாமல் 20 வருஷம் நடந்திருந்தால் அந்த வழி அவருடைய உரிமையாகிவிடும். அரசு நிலம் என்றால் 30 வருஷம். அந்த 20 வருஷம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். இதில் ‘தன் உரிமையாக’ என்ற சொல்தான் உயிர். அனுமதி வாங்கி நடந்தவருக்கு இந்தப் பிரிவு உதவாது. நூறு வருஷம் அனுமதியோடு நடந்தாலும் அது உரிமை ஆகாது, தயவாகவே இருக்கும். சாவியைக் கேட்டு அவர் வீட்டு வாசலில் நிற்கிறோமே, அந்த நிமிஷத்தில் நம் பாட்டன் நடந்த நடையெல்லாம் அனுமதி என்று மாற ஆரம்பிக்கிறது. நாளைக்குக் கோர்ட்டில் அவர் வக்கீல் கேட்பார்: ‘சாவி யாரிடம் வாங்கினீர்கள்? கேட்டுத்தானே வாங்கினீர்கள்?’

இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது. தடுப்பு போட்டவுடனேயே நம் உரிமை அறுந்துவிடாது. தடுப்பு போட்டதும், போட்டவர் யார் என்பதும் தெரிந்த பிறகு ஒரு வருஷம் நாம் அதற்கு அடங்கிப் பேசாமல் இருந்தால்தான் அது இடையூறு என்று கணக்கில் ஏறும். ஒரு வருஷம்! நம் ஊர்களில் ‘திருவிழா முடியட்டும்’, ‘தேர்தல் முடியட்டும்’, ‘பொண்ணு கல்யாணம் முடியட்டும்’ என்று தள்ளிப் போடுகிறோமே, அந்த மௌனத்துக்குச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது. பூட்டு விழுந்த மறுநாளே தேதி போட்டு, போட்டவர் பெயர் எழுதி, ஒரு எதிர்ப்பு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துவது கோஷம் போடுவதற்குக் குறைந்த வேலை அல்ல.

பாதை பதிவேட்டிலேயே வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் இந்த 20 வருஷக் கணக்கே வேண்டாம். அது பொதுப்பாதை, பூட்ட யாருக்கும் வேலை இல்லை. பொதுவழியை அடைத்தால் அகற்றச் சொல்லும் அதிகாரம் கோட்டாட்சியருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133இன்படி இருந்தது. 2024 ஜூலையிலிருந்து நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 152ஆம் பிரிவு. அடைத்தது நம்மை விலக்கத்தான் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினர் சாலையையோ வழியையோ சுடுகாட்டையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் தடுப்பு என்றால் எது? பூட்டிய கேட்டு தடுப்பு என்பதை எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வார். பூட்டாமல், திறக்கவே முடியாத கேட்டு? அங்கேதான் கொண்டியின் அரசியல் தொடங்குகிறது.

*

பாதையில் கேட்டு எதற்காக நிற்கலாம் என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு ஒன்று உண்டு. நம்மை ஆண்ட அதே இங்கிலாந்து. பொதுநிலங்களை ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு வேலியடைத்து, ஏழைகளைத் துரத்திய அதே நாடு. அங்கே பாதை தானமாக வரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் சில நூறு பேர், பிரபுக்கள் பறவை வேட்டைக்கு என்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மலை மேல் கூட்டமாக ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பு. பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேருக்குச் சிறை. அதன்பின் 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் மக்கள் நடக்கிற பாதைகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. வரைபடத்தில் ஏறிவிட்டால் அதுவே முடிவான சாட்சி. நிலம் தனியாருடையது, பாதை எல்லோருடையது.

1980இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டத்தில் கேட்டுக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. நடைபாதையின் குறுக்கே விவசாயி புதிதாகக் கேட்டுப் போட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். விவசாய நிலத்தில் கால்நடை உள்ளே வராமல், வெளியே போகாமல் தடுப்பதற்கு அது தேவை என்று காட்ட வேண்டும். ‘அவனுங்க வர்றாங்க’ என்ற காரணத்துக்கு அங்கே இடம் இல்லை. போட்ட கேட்டை ஒழுங்காக வைத்திருப்பது நிலக்காரரின் கடமை, செலவில் குறைந்தது கால் பங்கை நிர்வாகம் கொடுக்கும். குதிரைப் பாதையில் கேட்டு ஐந்தடிக்குக் குறையக் கூடாது, வண்டிப்பாதையில் பத்தடிக்குக் குறையக் கூடாது. 2000இல் வந்த திருத்தம், அனுமதி கொடுக்கும்போது நடக்கச் சிரமப்படுகிறவர்களை மனதில் கொள்ள வேண்டும் என்றது.

இதற்கு மேல் 5709 என்ற எண்ணில் ஒரு பிரிட்டிஷ் தரநிர்ணயம், 2018இல் புதுப்பித்தது. அதன் சாரம் ஒரே கேள்வி: இந்த இடத்தில் ஆளை மிகக் குறைவாகத் தடுப்பது எது? முதலில் வெறும் சந்து. சந்து போதாது, கால்நடை வரும் என்றால் கேட்டு. அதுவும் போதாது என்றால், அரைவட்டக் கம்பிக் கூண்டுக்குள் கதவு ஆடுகிற சுற்றுக் கேட்டு. ஆள் ஒருபுறம் ஒதுங்கிக் கதவைத் தள்ளி மறுபுறம் போவார், மாட்டால் முடியாது. வேலியைத் தாண்டப் படிக்கட்டு வைக்கிற பழைய பழக்கம் கடைசிக்குப் போய்விட்டது. கிழவரால் ஏற முடியாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. குதிரைமேல் வருகிறவர் இறங்காமலே ஒரு கையால் எட்டித் திறக்கும்படி நீண்ட கைப்பிடி வைத்த கொண்டிகள் அங்கே உண்டு. குதிரைக்காரருக்குக் கொண்டியை உயர்த்தி வைத்த அறிவு, புல்லுக்கட்டுக்காரிக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தைத் தலையில் வைத்து ஆடச் சொல்லவில்லை. அங்கே தீட்டு என்ற சமாச்சாரம் கேட்டில் இல்லை. நம் கேட்டில் இருக்கிறது. அங்கேயும் நிலக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். 20 வருஷம் மக்கள் தடையின்றி நடந்தால் பாதை பொதுவாகிவிடும் என்பதால், வருஷத்தில் ஒரு நாள், பெரும்பாலும் கிறிஸ்துமஸ் அன்று, கேட்டைப் பூட்டி வைப்பது. 364 நாள் திறந்துவிட்டு ஒரு நாள் பூட்டினால் போதும்: ‘இது என் தயவு’ என்று பதிவாகிவிடும். பூட்டு வெறும் இரும்பு இல்லை, அது ஒரு வாக்குமூலம் என்பதை அங்கே இருக்கிற நிலக்காரனும் அறிந்திருக்கிறான், இங்கே இருக்கிறவனும் அறிந்திருக்கிறான். நாம்தான் அறிய வேண்டும்.

*

சரி, எந்தக் கேட்டு? எந்தக் கொண்டி? ‘உடைச்சுப் போடுங்க தோழர், என்ன தேர்ந்தெடுக்கறது’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரில் 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்துத்தான் வழி விட்டார்கள். சுவருக்குக் கொண்டி தேடிக்கொண்டிருக்க முடியாது. அது சரி. ஆனால் காட்டுப் பாதையில் எல்லாக் கேட்டும் சுவர் அல்ல. நம் வீட்டிலும் ஆடு இருக்கிறது. நம்மில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் மிளகாய் நட்டால் அதையும் மாடு மேயும். கேட்டே கூடாது என்று சொன்னால் ‘பார்த்தீங்களா, இவங்களுக்குப் பயிரைப் பத்திக் கவலையில்ல’ என்று அதிகாரியிடம் ஒரு பேச்சு கிடைத்துவிடும். ‘கேட்டுப் போடு, இந்த மாதிரிப் போடு’ என்று அளவோடு போய் நின்றால் அவர்களுடைய மாட்டுக் காரணம் கையைவிட்டுப் போய்விடும். அதற்கு மேல் மறுத்தால் காரணம் மாடு இல்லை என்பது மேசை மேல் வந்துவிடும்.

அளவு இதுதான். எங்கள் பக்கத்து அம்மா ஒருத்தி என்னிடம் கேட்டாள்: ‘ஒரு கை கட்டப் புடிச்சிருக்கு, ஒரு கை புள்ளையப் புடிச்சிருக்கு, எந்தக் கையால தம்பி தொறக்கறது?’ அவளுடைய கேள்விதான் தரநிர்ணயம். கொண்டி இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில், தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருக்க வேண்டும். ஒரு கையால், முடிந்தால் முழங்கையால் தூக்கினால் திறக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் கொண்டி வைப்பது பாதிப் பூட்டு. சாத்தினால் தன் எடையிலேயே விழுந்து மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ‘திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க’ என்ற பழி நம்மேல் விழாது. கேட்டைக் கீலில் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் தானாகவே வந்து சாத்திக்கொள்ளும், பட்டறைக்காரரைக் கேட்டால் செய்து கொடுப்பார். சில மாடு மூக்கால் நெம்பிக் கொண்டியைத் தூக்கப் பழகியிருக்கும். அதற்குக் கொண்டியைச் சுற்றி ஒரு தகடு மறைப்பு வைத்தால் போதும். பூட்டு வேண்டாம். ஆடு நுழையாமல் இருக்கக் கீழ்ப்பக்கக் கம்பிகளை நெருக்கி வைத்தால் போதும். பூட்டு வேண்டாம்.

தொய்ந்துபோன கேட்டைக் கவனியுங்கள். பூட்டு இருக்காது, கொண்டியும் இருக்கும். ஆனால் கேட்டின் வாய் தரையில் இடித்து நிற்கும், இரண்டு ஆள் தூக்கித் தள்ளினால்தான் நகரும். கீழ்க் கீலிலிருந்து கொண்டிப் பக்கத்து மேல்மூலைக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்காமல் செய்தால் எந்தக் கேட்டும் இப்படித் தொய்யும். செய்யத் தெரியாமல் செய்ததா, தெரிந்தே சரிசெய்யாமல் விட்டதா என்பது அடுத்த கேள்வி. கொண்டிக்குப் பக்கத்தில் முள்கம்பியைச் சுற்றி வைப்பது, கேட்டை ஒட்டி மின்வேலிக் கம்பியை இழுத்து விடுவது, கேட்டடியில் வாய்க்காலைத் திருப்பிச் சேறாக்குவது, இவையெல்லாம் பூட்டு இல்லாத பூட்டுகள். ‘நான் எங்க தடுத்தேன், தொறந்துதானே இருக்குது’ என்று சொல்வதற்கு வாகானவை. இவற்றைப் படம் பிடித்துத் தேதி போட்டு வைக்கணும்.

அகலம் என்பது யார் வருவார்கள் என்பதைப் பொறுத்தது. நடக்கிறவருக்கு நாலடி போதும், தள்ளுவண்டி, மூன்று சக்கர வண்டி வரும். வயலுக்குப் போகிற வழி என்றால் டிராக்டருக்குப் பத்தடி. பெரிய கேட்டைத் தினமும் இழுக்க முடியாது என்றால் கோட்டைக் கதவில் திட்டிவாசல் வைத்த மாதிரி பக்கத்தில் ஒரு சின்னக் கேட்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரிய கேட்டு ஊருக்கு, சின்னக் கேட்டு சேரிக்கு என்று அது மாறிவிடும் நாள் தூரத்தில் இல்லை. இரண்டுக்கும் கொண்டிதான், இரண்டும் எல்லோருக்கும்தான் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

*

ஒரு பாதையில் மட்டும் எந்தக் கேட்டும் கூடாது. சுடுகாட்டுப் பாதை. அங்கே கொண்டி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடை இரண்டரை அடி, இரு பக்கமும் தோள் கொடுப்பவர்கள், முன்னால் பறை, பின்னால் சனம். தோளில் பிணத்தோடு நிற்கிறவன் எந்தக் கையால் கேட்டைத் திறப்பான்? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடந்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் நாடெங்கும் போனது, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பாதை பற்றிய வழக்கு ஒவ்வொன்றும் கடைசியில் அந்தக் கயிற்றில் போய்த் தொங்குகிறது.

இங்கிலாந்தின் கிராமங்களில் பிணத்தைத் தூக்கிப் போன பழைய பாதைகள் இன்னும் உண்டு. தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து தாய்த் தேவாலயத்துக்குப் பல மைல் தூக்கிப் போவார்கள், வழியில் சவப்பெட்டியை இறக்கி வைக்கக் கற்கள் இருக்கும். பிணம் ஒருமுறை போன வழி பொதுவழியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கையும் அங்கே இருந்தது. சட்டப்படி அதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் நிலக்காரர்கள் பயந்தார்கள். ‘இன்னைக்குப் பொணத்த வுட்டா நாளைக்குப் பாதைம்பான்’ என்று நம் பக்கத்தில் சொல்லும் பேச்சுக்கும் அந்தப் பயத்துக்கும் தூரம் அதிகமில்லை. செத்தவன்கூட உரிமை கொண்டாடிவிடுவான் என்று பயப்படுகிறார்கள். பயப்படட்டும். சுடுகாட்டுப் பாதையில் நம் கோரிக்கை ஒரு சந்து. பத்தடிக்குக் குறையாத, கதவில்லாத, படலில்லாத, ராத்திரியிலும் திறந்து கிடக்கிற சந்து. மாடு வரும் என்றால் பாதையின் இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொள்ளட்டும். வேலி அவர் செலவு, அவர் நிலம், அவர் மாடு.

பாதை மேல் நாம் நடத்திய போராட்டம் புதிதல்ல. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டி ஓட்டியது பொதுச் சாலையில். 1924இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாகிரகம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக. தெருமுனையில் தடுப்புக் கட்டைகள் போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அது முடிவுக்கு வந்தபோது மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. நாலில் மூன்று என்பதும் ஒரு சமரசம்தான், சாவி மாதிரி. அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுவழி, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நூறு வருஷம் தாண்டிவிட்டது. கட்டை போய் ஆங்கிள் வந்திருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு அளவு டேப்பை எடுத்துப் போங்கள். காலனியிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு பாதையிலும் நடந்து பாருங்கள். எங்கே கேட்டு இருக்கிறது, எவ்வளவு அகலம், கொண்டி எந்தப் பக்கம், எந்த உயரம், பூட்டு உண்டா, போட்டவர் யார், எந்த மாதம் போட்டார். நில அளவை வரைபடமும் ‘அ’ பதிவேடும் இப்போது அரசின் இணைய சேவையிலேயே எடுக்கலாம். பழைய கிராம வரைபடத்தில் இருக்கிற பாதை புதியதில் காணாமல் போயிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, எந்த வருஷத்திலிருந்து அந்த வழியில் நடந்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் நினைவுதான் நமக்கு வழிநடை பாத்தியம். அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

சமாதானக் கூட்டத்தில் யாராவது சாவியை நீட்டினால் வாங்காதீர்கள். சாவி வேண்டாம், கொண்டி போடுங்கள் என்று சொல்லுங்கள்.